அவளுடைய நட்சத்திரம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு வெள்ளவத்தையில் எனக்கு இரண்டு சேலைக் கடை இருக்கிறது. ஒருவரும் தூக்கிவிடவில்லை, நானாக எழும்பியது. கரையைத் தடவினாலே எந்த ஊரில் நெய்த சேலை என்று சொல்வேன். கிருலப்பனையிலிருந்து பத்து வருடத்துக்கு முந்தி வந்துபோன அம்மா திரும்பி வந்தால், மகளின் கூறைச் சேலைக்கு என்ன நிறம் எடுத்தார் என்பதையும் சொல்வேன். படித்தவர்களிடம் இந்த ஞாபகத்தை நான் கண்டதில்லை.

கோயிலிலும் எனக்கென்று ஒரு மரியாதை உண்டு. பெரிய மணி என் உபயம், பெயர் வெட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் முன்வரிசையில் நிற்பேன், மனைவி பின்னால் தூணடியில் நிற்பாள். அர்ச்சனைக்கு ஐயர் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். என் பெயரும் நட்சத்திரமும் அவருக்கு மனப்பாடம்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை மனைவி சமையலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில், தலைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். கண் திறக்கவில்லை. "ரெண்டு மூண்டு நாள் பாப்பம்" என்ற டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். விடிந்ததும் நேரே கோயிலுக்குப் போனேன்.

ஐயர் தட்டை வாங்கி வழக்கம்போல என் பெயரைத் தொடங்கினார்.

"எனக்கில்லை ஐயா. மனிசிக்கு. ஆஸ்பத்திரியில கிடக்கிறா."

"ஐயோ முதலாளி! சரி, அம்மாவின்ர நட்சத்திரம்?"

எனக்குத் தெரியாது. கலியாணம் முடித்து நாற்பத்தாறு வருடம். சாதகக் குறிப்பெல்லாம் கலவரத்தில் எரிந்த வீட்டோடு போய்விட்டது. அந்த இடத்திலேயே நின்று கனடாவிலிருக்கும் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"எனக்கெப்பிடித் தெரியும் அப்பா? அம்மா எப்பவும் எங்கட பேருக்குத்தானே செய்விப்பா. உங்களுக்குத் தெரியாதோ?"

அழுதுகொண்டுதான் கேட்டாள். என்றாலும் குத்தியது. பின்னால் ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "முதலாளிக்குத் தெரியேல்லையாம்."

"பரவாயில்லை," என்றார் ஐயர். "சுவாமி பேருக்குச் செய்வம். ஆருக்கெண்டு அவருக்குத் தெரியும்."

பெயரில்லாமல் அர்ச்சனை நடந்தது. நான் கொடுத்த மணியை அடித்தார்கள். காது கூசியது, கும்பிட்ட கையால் முகத்தை மறைத்தேன். எத்தனை வருடம் அந்த மூலஸ்தானத்தின் முன்னால் நின்றிருப்பேன்? அன்றைக்குத்தான் உள்ளே ஒருவர் இருந்து என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பயமாக இருந்தது. அவளைத் திருப்பித் தா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஒருதரம் அவளிடம் கேட்க விடு என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் கண் திறந்தாள். ஒரு பக்கம் அசையவில்லை, நாக்குத் தடித்திருந்தது.

"கடைக்குப் போகேல்லையே?" என்றாள்.

குனிந்து அவளுடைய நட்சத்திரத்தைக் கேட்டேன். கோணிய வாயால் சிரித்தாள்.

"இப்பத்தான் கேக்கிறியள். அனுஷம்."

திங்கள் காலை அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயருக்கு முன்னால் நானே சத்தமாகச் சொன்னேன். செவ்வாய் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

கேட்டதைக் கடவுள் தந்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவன், அங்கே ஏன் இவ்வளவு குறைத்துக் கேட்டேன் என்பதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

சாவுத் துடக்குக் கழிந்து முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். செத்தவர்களின் பெயருக்கு அர்ச்சனை இல்லை. கற்றுக்கொண்ட நட்சத்திரத்தை இனி எங்கே சொல்வது? ஐயர் தட்டை வாங்கி என் பெயரைத் தொடங்கினார்.

"வேண்டாம் ஐயா. சுவாமி பேருக்குச் செய்யுங்கோ."

அவர் தட்டோடு உள்ளே போனார். நான் பின்னால் போய்த் தூணடியில் நின்றேன்.