டாக்டர் இசில்டாவும் நாற்பத்திரண்டு விரல்களும்

சர்க்கரை வியாதியைப் பற்றி எந்த தேசத்தில் பெரிய மாநாடு நடந்தாலும், ஜமைக்காவிலிருந்து டாக்டர் இசில்டா ஃபேசி வந்துவிட்டாரா என்று கேட்பார்கள். ஆனால் அவர் பிறந்த கிளாரண்டன் மலைப்பக்கத்தில் அவரை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "போஸ்ட்மேன் ஃபேசியோட மக" என்றுதான் சொல்வார்கள்.

அந்த போஸ்ட்மேன் முப்பது வருஷம் மலைப்பாதையில் கடிதப் பை சுமந்து நடந்தவர். கொக்கு மாதிரி மெலிந்த உடம்பு. அவருக்குச் சர்க்கரை வந்தது. இசில்டாவுக்குப் பதினைந்து வயதானபோது வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "உக்காந்து தின்னு கொழுத்தவங்களுக்கு வர்ற வியாதி இது" என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பெண் அப்பாவின் விலா எலும்புகளைப் பார்த்தாள். தின்றது எப்போது? உட்கார்ந்தது எப்போது? அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அந்த முள்ளோடுதான் உபகாரச் சம்பளம் வாங்கித் தலைநகர் கிங்ஸ்டனுக்குப் படிக்கப் போனார். டாக்டர் ஆனார். மற்றவர்கள் தனியாக மருத்துவமனை வைத்தார்கள். இவர் தராசு வைத்தார். பசியால் வாடிய குழந்தைகளை நிறுத்து எழுதினார். அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் விடவில்லை. வீடு வீடாகத் தேடிப்போய் இரத்தம் எடுத்தார். சின்ன வயதில் பட்டினி கிடந்த உடம்பு பின்னாளில் மெலிந்திருந்தாலும் சர்க்கரைக்கு இடம் கொடுத்துவிடுகிறது என்று இருபது வருஷம் பாடுபட்டு எழுதினார். வெளிநாட்டில் பெரிய வேலை கொடுத்தார்கள். இரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, "அங்க குளிரு எலும்புக்குள்ள போகுது. தவிர, யாரும் காலையில வணக்கம் சொல்றதில்ல" என்று திரும்பி வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு ஆராதனையை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அறுபத்தோரு வயதில், ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், கடைசியாக ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். வந்துவிட்ட சர்க்கரையைத் திருப்பி அனுப்ப முடியுமா? எட்டு வாரம் மிகக் குறைவாகச் சாப்பிட்டால், ஈரலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து, உடம்பு தன் வேலையைத் தானே மறுபடியும் பார்க்கத் தொடங்கும் என்று அவர் நம்பினார். அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்ல, தன் ஜனங்கள் நடுவே பார்க்க ஆசைப்பட்டார்.

அப்படித்தான் மவுண்ட் ஆலிவெட் மெதடிஸ்ட் சபைக்கு வந்தார். சபையில் சர்க்கரை உள்ளவர்கள் நாற்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். காலையில் தண்ணீரில் கலக்கிய சத்துமாவு, மத்தியானம் சபைச் சமையலறையிலிருந்து அவித்த கீரையும் ஒரு துண்டு மீனும், இரவில் சூப். மாவுருண்டை கிடையாது, கிழங்கு கிடையாது, ஞாயிற்றுக்கிழமைச் சோறும் பட்டாணியும் கூடக் கிடையாது. சமையலறைப் பொறுப்பு, சபையில் எல்லோரும் சிஸ்டர் பின்னக் என்று கூப்பிடும் அம்மாவின் கையில். அவரும் அந்த நாற்பத்திரண்டில் ஒருவர். வாரத்துக்கு ஒருநாள் விடியற்காலையில் எல்லோரும் வெறும் வயிற்றோடு சபை மண்டபத்துக்கு நடந்து வந்து விரலை நீட்டவேண்டும்.

ஐந்து வாரம் ஓடியது. உடம்பெல்லாம் இளைத்தது. ஆனால் காலைச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. அந்த ஊர் அளவில் ஏழுக்குக் கீழே, நம் கணக்கில் நூற்றிருபத்தாறுக்குக் கீழே, வரவேண்டியது, பத்திலும் பதினொன்றிலும் நின்று வேடிக்கை காட்டியது. மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் சோதனைக்கு இன்னும் நாள் இருந்தது.

கிங்ஸ்டனிலிருந்து டாக்டர் ரென்விக் போன் செய்தார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் குழுவின் தலைவர் அவர்.

"இசில்டா, வெள்ளிக்கிழமை குழு கூடுது. உங்க ஆளுங்க ராத்திரியில ஒளிஞ்சு தின்னுறாங்க. அதை அப்படியே எழுதிக் கொடுத்துட்டு மூடிருங்க. கௌரவமா முடிஞ்சுரும்."

"யாருக்கு கௌரவம்?" என்று கேட்டார் இசில்டா.

"உங்களுக்குத்தான்."

போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் முழங்காலில் நின்று ஜெபித்தார். நாற்பத்திரண்டு பேரைப் பொய்யர்கள் என்று எழுத மனம் ஒப்பவில்லை. எண்களோ அப்படித்தான் சொல்லின. இந்த வேலை இப்போது மூடினால் இனி எந்தக் குழுவும் இந்த மலைக்குக் காசு கொடுக்காது; ஊசியும் வெட்டிய கால்களும்தான் இந்த ஜனங்களுக்கு மிச்சம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் எழுந்து நின்றார். பேச்சு அவருக்கு வசப்படவில்லை.

"யாராவது... ராத்திரியில பசி தாங்காம ஏதாவது எடுத்துச் சாப்பிட்டிருந்தா சொல்லிருங்க. நான் கோவிக்கமாட்டேன்."

விசிறி ஆட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

செருப்புத் தைக்கும் ஆல்வின் டல்லக் எழுந்தார். பெருத்த மனிதராக இருந்தவர். கோட்டைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினார். "டாக்டர், அஞ்சு வாரத்துல மூணு ஓட்டை புதுசாப் போட்டேன். என் ஊசியால நானே போட்டது. ஒளிஞ்சு தின்னவன் பெல்ட்டு இப்படியா இருக்கும்?"

"பேன்ட்டு விழாம இருக்கத்தான் அந்த மனுஷன் இப்பல்லாம் பாட்டுக்கு எழுந்திருக்கிறதே இல்ல," என்றார் அவர் மனைவி மெர்டில். சிலர் சிரித்தார்கள். சிஸ்டர் பின்னக் சிரிக்கவில்லை.

"சமையலறைச் சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் தூங்குறேன் நான். எங்களைத் திருடங்கன்னு சொல்லத்தான் கிங்ஸ்டன்ல இருந்து வந்தீங்களா, போஸ்ட்மேன் மகளே?"

இசில்டாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சிஸ்டர், தப்பாக் கேட்டுட்டேன். மன்னிச்சிருங்க. நாளைக்குக் காலையில இன்னொரு தடவை எல்லாருக்கும் பார்க்கலாம். எனக்கு வேற வழி தெரியல."

கோபம் கோபம்தான், ஆனாலும் வந்தவரை வெளியே படுக்கவிடுகிற ஊர் அல்ல அது. "என் வீட்டுல படுங்க. விடியக்காலையில சேர்ந்து இறங்கலாம்," என்றார் சிஸ்டர் பின்னக், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

திங்கள் காலை. மலையில் பனி தொங்கியது. இசில்டா ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது சிஸ்டர் பின்னக் இரண்டு தகரக் குவளைகளோடு வந்தார்.

"குடிச்சுட்டு இறங்குங்க. வெறும் வயித்தோட பனியில கால் வச்சா வாயு பிடிச்சுக்கும்."

அதுவும் சரிதான் என்று இசில்டா வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார். காட்டுப்பாகல் இலையைக் கொதிக்கவைத்து, கசப்பு தெரியாமல் இருக்க டப்பாவில் வரும் இனிப்புப் பாலை நாலு கரண்டி ஊற்றியிருந்தார்கள். பாதிக் குவளை உள்ளே போனது. இதமாக இருந்தது. பிறகுதான் அவர் கை அப்படியே நின்றது. எதிரே சிஸ்டர் பின்னக் தன் குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கர்த்தர் சிலரோடு வேதத்தின் வழியாகப் பேசுகிறார். அன்றைக்கு இசில்டாவோடு ஒரு தகரக் குவளை வழியாகப் பேசினார்.

"சிஸ்டர், இதைத் தினமும் குடிக்கிறீங்களா?"

"எதுக்குத் தினமும்? மத்த நாள்லதான் உங்க மாவு இருக்கே, வயிறு சும்மா இருக்காதே. இரத்தம் எடுக்கிற நாள்ல மட்டும்தான். நீங்கதான ஒண்ணும் சாப்பிடாம வரச் சொல்றீங்க?"

"நீங்க மட்டுமா?"

"எல்லாரும்தான். ரெண்டு மைல் பனியில நடக்கணுமே, நாங்க என்ன ஆடா மாடா?"

"ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?"

சிஸ்டர் பின்னக் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "என்னத்தைச் சொல்றது? இது வாயு மருந்து. இலைத் தண்ணின்னு சொன்னாலே டாக்டருங்க சிரிப்பாங்க. எதுக்கு வம்பு?"

இசில்டா கையிலிருந்த குவளையைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் படித்தவர், இந்த மலையில் பிறந்தவர், கேட்காமலே வாங்கிப் பாதியைக் குடித்தும் விட்டார். பனி என்றால் குவளை. அதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற காலைகளில் அப்பா இதே இலைத் தண்ணியை ஒரு குவளை நிறையக் குடித்துவிட்டுத்தான் போவார். இசில்டாவின் கண் நிறைந்தது. பிறகு வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தார்.

"அழுறீங்களா சிரிக்கிறீங்களா? ஒண்ணைச் செய்யுங்க," என்றார் சிஸ்டர் பின்னக்.

இசில்டா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னபோது சிஸ்டர் பின்னக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எங்க சர்க்கரை இல்ல அது. டப்பாவோட சர்க்கரை."

"ஆமா. நீங்க குடிக்கிறதை நிறுத்தச் சொல்லமாட்டேன். பனி பனிதான். ஊசிதான் உங்க வீட்டுக்கு வரணும். நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி."

அன்றைக்கு மண்டபத்துக்கு வந்தவர்களை இசில்டா ஊசி போடாமலே திருப்பி அனுப்பினார். சபைப் பாஸ்டர் தன் காரைக் கொடுத்தார். பள்ளிக்கூட நர்ஸ் ஒரு பாதை, கிளினிக் நர்ஸ் ஒரு பாதை, இசில்டா ஒரு பாதை. மறுநாள் கோழி கூவும்போதே மூன்று பாதையிலும் கதவு தட்டும் சத்தம். ஆல்வின் போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டினார்.

"முழுசா வெளிய வாங்க பிரதர்."

"தலையில துணி கட்டியிருக்கேன் டாக்டர். இதைப் பார்த்த பொம்பளை மெர்டில் ஒருத்திதான்."

"அந்தப் பொம்பளை ஒண்ணும் பாக்கியம் செஞ்சவ இல்ல," என்று மெர்டில் இருட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். இசில்டா கருவியை விளக்குக்குக் கீழே பிடித்தார். ஐந்து புள்ளி ஒன்பது. போன வாரம் பத்து.

"நல்லதா, கெட்டதா?" ஆல்வின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"நல்லது பிரதர். ரொம்ப நல்லது."

போர்வைக்குள்ளிருந்து மெல்ல ஒரு ஸ்தோத்திரம் வந்தது.

ஏழு மணிக்கு மூன்று பேரும் மண்டபத்தில் கூடி எண்களைச் சேர்த்தார்கள். நாற்பத்திரண்டில் இருபத்தொன்பது பேருக்கு ஏழுக்குக் கீழே. பதின்மூன்று பேருக்கு இறங்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார் இசில்டா. சிஸ்டர் பின்னக் ஆறு புள்ளி நாலு. அந்தத் தாளை மூன்று தடவை வாங்கிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கிங்ஸ்டனில் குழு முன்னால் தன் அறிக்கையைப் படித்தார். டாக்டர் ரென்விக் இடையில் மறித்தார்.

"நீங்களே அந்தக் குவளையைக் குடிச்சதா எழுதியிருக்கீங்களே? இது அச்சில வரும். உலகமே படிக்கும்."

"வரட்டும். அந்த ஜனங்க பொய் சொல்லலேங்கிறதுக்கு அதுதான் சாட்சி. கேட்கத் தெரியாம நின்னது நான்."

ரென்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அம்மாவும் கொடுப்பாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "இஞ்சி போட்டு." குழு வேலையைத் தொடரச் சொன்னது. எட்டு வாரம் முடிந்தபின் இன்னும் ஒரு வருஷம் இவர்களைப் பார்த்துவரவும் பணம் ஒதுக்கியது. ஓய்வு பெற்ற பிறகும் நீங்களே நடத்துங்கள் என்றார்கள்.

இசில்டா தன் அறைக்குத் திரும்பியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மவுண்ட் ஆலிவெட்டுக்கு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். சர்க்கரை மெதடிஸ்டுக்கு மட்டும்தான் வருதா? எங்க பக்கம் அறுபது பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

"வரேன் பாஸ்டர்," என்றார் இசில்டா. "முதல்ல ஒரு காலைப்பொழுது உங்க வீட்டுல தங்கிக்கிறேன். எழுந்ததும் நீங்க என்னென்ன பண்றீங்கன்னு சும்மா பார்க்கணும்."

"வந்து பாருங்க. ஆனா எங்க வீட்டுல குறட்டைச் சத்தம் அதிகம், சொல்லிட்டேன்."