ஒலிபெருக்கி ஜமாரிஸ் மௌன திக்ருக்குப் போன கதை

ஜமாரிஸுக்குக் காய்ச்சல் வந்தால், அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊர்ப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி இருபத்திரண்டு வருஷமாக அவர் கையில் இருந்தது. காணாமல் போன ஆடு, கிடைத்த சாவிக்கொத்து, மௌத்து எனும் சாவுச் செய்தி, கூரை வேலைக்கு யார் எத்தனை மூட்டை சிமெண்ட் கொடுத்தார் என்ற விவரம் எல்லாம் அவர் வாயால்தான் வரும். அவற்றுக்கு நடுவே, "அடியேன் ஜமாரிஸுக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை, துஆ செய்யுங்கள்" என்றும் வரும். கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர், அதையும் ஆடு காணாமல் போனதோடு சேர்த்துக் கேட்டுக்கொள்ளும்.

வீடு மனைவி ரொஸ்னிதாருடையது. மினாங்கபாவ் சீமையில் வீடு என்றாலே பெண்ணுடையதுதான். புருஷன் அந்தியில் வந்து விடியலில் போகும் மரியாதைக்குரிய விருந்தாளி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆண்பிள்ளைக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா? ஜமாரிஸுக்கு மைக் இருந்தது.

போன ரமலானில் ஊரின் கலீஃபா இறந்துபோனார். நக்ஷபந்தி என்ற சூஃபி வழிக்காரர்கள் வியாழக்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப நினைக்கும் திக்ரு செய்யும்போது, முன்னால் உட்கார்ந்து நடத்துகிறவர் கலீஃபா. அந்த இடம் காலியானதும் ஜமாரிஸுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மைக்குக்காரர் கலீஃபாவும் ஆகிவிட்டால் பிறகு ஊரில் யார் மிச்சம்? ஆனால் கலீஃபா ஆக வேண்டுமானால் மலைமேல் இருக்கும் சூரா என்ற தொழுகைக்கூடத்தில், குருவின் கண்பார்வையில், சுலூக் என்ற தனிமைத் தவத்தில் நாற்பது நாள் உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது.

இதில் ஒரே ஒரு சங்கடம். இந்த வழியின் திக்ரு மௌன திக்ரு. கண்ணை மூடி, உதட்டைப் பூட்டி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, இதயம் மட்டும் 'அல்லாஹ்' என்று சொல்ல வேண்டும். சொல்கிறாரா தூங்குகிறாரா என்று பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. முகஸ்துதி இருக்கிறதே, நல்ல காரியத்தை நாலு பேர் பார்க்கச் செய்கிற அந்த ஆசை, அது அல்லாஹ்வுக்கே இணைவைக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பாவம் என்பார்கள் பெரியவர்கள். ஜமாரிஸ் இதை நன்றாக அறிந்தவர். முகஸ்துதியைக் கண்டித்து ஒலிபெருக்கியில் பதினோரு தடவை பேசியிருக்கிறார்.

சுலூக்குக்குப் போகிறவர் யார் யார் மனசைப் புண்படுத்தினாரோ அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அதே பதவிக்குக் கிளம்பிய புஸ்தானில் என்ற முட்டை வியாபாரி, வீடு வீடாக ஏறி இறங்கி மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். ஜமாரிஸுக்கு முழங்கால் வலி. ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் மைக்கைப் போட்டார்.

"அன்பான ஊர்மக்களே, அடியேன் அறிந்தும் அறியாமலும், சொல்லாலும் செயலாலும், யாருக்கு எந்தத் தீங்கு செய்திருந்தாலும் உடலாலும் உள்ளத்தாலும் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் மன்னித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு விடைபெறுகிறேன்." யாருக்காவது விட்டுப்போயிருக்கும் என்று இன்னொரு தடவையும் சொன்னார். மொத்தம் நாலு நிமிஷம்.

வீட்டுக்கு வந்தபோது ரொஸ்னிதார் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அந்தச் சீமையில் புருஷனையும் அண்ணன் வயசுக்காரரையும் 'உடா' என்றுதான் கூப்பிடுவார்கள். "எனக்கும் சேத்துதானா உடா அது?"

"நீயும் இந்த ஊர்தானே, ரொஸ்?"

"ஆமா, நானும் இந்த ஊர்தான்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காயை எடுத்தாள். அவர் அச்சகத்துக்குக் கிளம்பினார். நாற்பது நாள் கழித்துத் தன்னை வரவேற்கும் பதாகைக்குப் புகைப்படம் கொடுக்க வேண்டியிருந்தது.

மலைமேல் சூராவில் ஆளுக்கொரு வெள்ளைத் துணிக் கூடாரம், கொசுவலை மாதிரி, ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் அளவு. முதல் நாள் பாவமன்னிப்புக் கேட்டுப் பச்சைத்தண்ணீரில் தவ்பாக் குளியல். அதற்கப்புறம் இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் கிடையாது. ரெண்டாங் இறைச்சிக்கறி இல்லாத சோற்றைச் சோறு என்று ஒத்துக்கொள்ளவே ஜமாரிஸுக்கு நாலு நாள் ஆனது. நூறு திக்ருக்கு ஒரு கூழாங்கல் என்று ஒதுக்கி, நாளுக்கு ஐயாயிரம். விடிந்ததும் ஒவ்வொருவராகக் குருவிடம் போய் உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் இதயத்தில் தொடங்கிய திக்ரை உடம்பில் அடுத்த இடத்துக்கு நகர்த்திக் கொடுப்பார். அப்படி ஏழு இடம்.

குருவை எல்லோரும் துவாங்கு என்பார்கள். அந்த மாதம் அவருக்குக் கடைவாய்ப்பல் வலி. கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பேச்சை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்திருந்தார்.

திக்ரு தொடங்குமுன் குருவின் முகத்தை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதுதான் கயிறு, அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும். ஜமாரிஸ் கண்ணை மூடினார். முகம் வந்தது. தலையில் கறுப்புத் தொப்பி, லேசான புன்னகை, இடது தோள் சற்றே முன்னால். பதாகைக்குக் கொடுத்த போட்டோ! விரட்டிவிட்டு மறுபடி மூடினார். மறுபடியும் அவரே வந்தார், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பெரிதாக.

துவாங்குவின் முகத்தைச் சரியாகப் பார்க்காததுதான் கோளாறு என்று முடிவு கட்டி, சாப்பாட்டு நேரத்தில் வைத்த கண் வாங்காமல் அவரைப் பார்க்க ஆரம்பித்தார். புருவத்தில் எத்தனை நரை, மூக்கில் எந்தப் பக்கம் மச்சம் என்று மனப்பாடம் செய்தார். நாலாம் நாள் துவாங்குவே கேட்டுவிட்டார்.

"என் தாடியில சோறு ஒட்டியிருக்கா?"

"இல்ல துவாங்கு."

"அப்ப உன் தட்டைப் பாரு."

பதினெட்டு நாள் ஆயிற்று. கூழாங்கற்கள் ஒதுங்கின, முகம் மட்டும் மாறவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் புஸ்தானில் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டான். முட்டை விற்கிறவன்! ஜமாரிஸால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை துவாங்குவின் முன்னால் மண்டியிட்டுக் குரலை நடுங்கவைத்தார். நடுங்கவைப்பது அவருக்குக் கைவந்த கலை. மௌத்து அறிவிப்பில் பழகியது.

"ஒரு பச்சை ஒளி வந்துச்சு துவாங்கு. கூடாரம் பூரா ரொம்பிடுச்சு."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"வலப்பக்கம்."

"பேசிச்சா?"

"பேசிச்சு. 'ஜமாரிஸ், நீ வந்து சேந்துட்ட'ன்னு சொல்லிச்சு."

துவாங்கு கிராம்பை மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்படியா? அடுத்த தடவ வந்தா என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லு. போய் அதே எடத்துல உக்காரு."

அடிவாங்கினால் அடங்குகிற ஆள் இல்லை ஜமாரிஸ். பொய் சொன்னதற்காக அன்றைக்கே தவ்பா செய்தார், அதுவும் கூடாரத்துக்குள்ளேயே, வாய்விட்டு அழுது. "யா அல்லாஹ், என் முகஸ்துதியைப் பிடுங்கி எறி!" என்ற அந்தக் கதறல் சமையற்கட்டு வரைக்கும் கேட்டது. சாயங்காலம் மூன்று பேர் அவரிடம் வந்து, இப்படி உருகுகிற மனுஷர் எங்களுக்காகத் துஆ செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். செய்தார். நீளமாகவே செய்தார்.

இருபத்தாறாம் நாள் கண்ணை மூடியபோது தொப்பியும் புன்னகையும் வரவில்லை. வேறொரு முகம் வந்தது. ஒட்டிய கன்னம், வெற்றிலைக் காவி படிந்த பல். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தம்சீர். ஷைத்தான் வேலை என்று, அவனை விரட்டும் அவூது ஓதி ஊதினார். முகம் அசையவில்லை. அது கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

தம்சீர் அந்தப் பள்ளிவாசலில் முப்பது வருஷம் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னவர். கரகரத்த குரல். அந்தக் குரலுக்குத்தான் ஊர் எழுந்தது, நோன்பு திறந்தது. ஜமாரிஸ் பள்ளிவாசல் செயலாளர் ஆனதும் மக்காவின் பாங்கைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடலாம் என்றார். கூட்டத்தில் யாரோ தயங்கியபோது, "தம்சீர் பாங்கு சொன்னா தொட்டில்ல கிடக்கற புள்ளைங்க அலறுதுங்க, வானத்து மலக்குமாருங்க காதைப் பொத்திக்கிறாங்க" என்று ஒரு போடு போட்டார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையில் தம்சீரும் இருந்தார். மறுநாளிலிருந்து அந்தப் பள்ளிவாசலுக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாகிறது.

விடிந்ததும் ஜமாரிஸ் துவாங்குவிடம் போனார். நடுங்கவைக்க வேண்டியிருக்கவில்லை, குரல் தானே நடுங்கியது. உள்ளதைச் சொன்னார்.

"அந்த ஆளுகிட்ட மன்னிப்பு கேட்டியா?" என்றார் துவாங்கு.

"ஊருக்கே கேட்டேன் துவாங்கு. ஒலிபெருக்கியில."

"அவரு என்ன சொன்னாரு?"

ஜமாரிஸுக்குக் கேள்வியே புரியவில்லை. "அவர் சொல்றது எனக்கு எப்படிக் கேக்கும்? ஒலிபெருக்கியாச்சே."

துவாங்கு கிராம்பைத் துப்பிவிட்டு, மலையிறங்கும் படியைக் கண்ணால் காட்டினார்.

"இப்பப் போய்க் கேட்டா நாற்பது முறிஞ்சிடுமா துவாங்கு?"

"முறியும்."

"அப்ப கலீஃபா?"

"அதுக்குப் புஸ்தானில் இருக்கான்ல."

மூன்று நாள் போராடினார் ஜமாரிஸ். இன்னும் பதினோரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு, கலீஃபாவாகவே தம்சீர் வீட்டுக்குப் போனால் அவருக்கும் கௌரவம்தானே என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தார். கண்ணை மூடினால் தம்சீர். சோற்றைப் பிசைந்தால் தம்சீர். முப்பதாம் நாள் காலை துணியை மடித்துவைத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்தப் பதவி அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். 

ஆனால் பழைய மனுஷன் எங்கே போய்விடுவார்? பஸ் ஏறியதும் பேச்சு தயாராக ஆரம்பித்தது. 'கலீஃபா பட்டத்தையே உதறிவிட்டு, ஒரு சகோதரனின் காலடிக்கு வந்தவன்...' எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே தழுதழுக்க வேண்டும் என்று மூன்று மணி நேரமும் பார்த்துப் பார்த்து இழைத்தார். இடையில் ஒரு தடவை கண்கூடக் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தாரா என்று கவனித்தும் கொண்டார்.

தம்சீர் தென்னந்தோப்பில் இருந்தார். தேங்காய் பறிக்கப் பழக்கிய குரங்கு மேலே காயைத் திருகிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனை அவர் கையில். பாங்கு போனபிறகு அந்தக் குரலைக் கேட்டு நடக்க மிச்சமிருந்தது அந்தக் குரங்குதான்.

"தம்சீர் உடா! நாற்பது நாள் சுலூக்கைப் பாதியில விட்டுட்டு, கலீஃபா பட்டத்தையே உதறிட்டு..."

"தள்ளி நில்லு. காய் விழும்."

தள்ளினார். அவர் நின்ற இடத்தில் காய் விழுந்தது. மூன்று மணி நேரப் பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"எதுக்கு வந்தே?" என்றார் தம்சீர்.

"மன்னிப்பு கேக்க."

"அதான் அன்னைக்கே கேட்டியே. நானும் இங்கேர்ந்து பதில் சொன்னேனே."

"என்னன்னு?"

"முடியாதுன்னு. நீ ரெண்டு தடவ கேட்டே, நான் ரெண்டு தடவ சொன்னேன். நான் கத்தின கத்துல குரங்கு இறங்கவே மாட்டேன்னுடுச்சு."

ஜமாரிஸ் மட்டைக் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.  "அந்தக் கூட்டத்துல சொன்னேனே, புள்ளைங்க அலறுதுங்கன்னு... எந்தப் புள்ளையும் அலறல உடா. எல்லாரும் சிரிக்கணும்னு நானா சொன்னேன்."

தம்சீர் குரங்கை இறக்கி, கயிற்றைக் கட்டி, அதற்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அப்புறம் எதிரே வந்து குந்தினார்.

"வாயால இப்பவே மன்னிச்சேன்னு சொல்லிடலாம், ஜமாரிஸ். நீயும் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா உள்ள தேடிப் பாக்கறேன், அது இல்ல. இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்றது?"

பச்சை ஒளி பேசியது என்று சொன்னவர், தன் இதயத்தைப் பற்றி ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்கிற ஆளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வருமா உடா?"

"தெரியலையே. நாளைக்கு வந்து பாரு."

புஸ்தானில் கலீஃபா ஆனான். நன்றாகவே நடத்துகிறான். ஜமாரிஸ் மறுநாள் போனார், அதற்கு மறுநாளும் போனார். இப்போது ஐந்தாவது மாதம். மட்டைகளை அடுக்கிக் கொடுப்பார், தம்சீர் காப்பி ஊற்றிக் கொடுப்பார், கிளம்பும்போது "இன்னும் இல்ல" என்பார். "சரி உடா," என்பார் இவர். ஊரில் கேட்டவர்களிடம் தேங்காய் வாங்கப் போவதாகச் சொல்லிவைத்திருக்கிறார். உண்மையை மைக்கில் சொன்னால் ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

அவர் பயமெல்லாம் தம்சீரின் வயசு. எழுபத்தாறு. இருமலும் இருக்கிறது. தினமும் கால்வாய்ப் பாலத்துக்கு வந்ததும் ஜமாரிஸ் நின்று காது கொடுப்பார். தோப்புக்குள்ளிருந்து அந்தக் கரகரத்த குரல் குரங்கை அதட்டுவது கேட்ட பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைப்பார்.