எண்பது டிகிரிக்காரர்

கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அந்த மனிதருக்கு எண்பது டிகிரிக்காரர் என்று பெயர் வந்ததற்கு அவர் வாய்தான் காரணம். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சிப்பைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டி ஓட்டும் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். மேஜைக்குப் பின்னால் சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்: தினசரி ஓட்டத்துக்கு 1.35 வோல்ட், அதற்கு மேல் கூடாது. முழு வேலையில் சூடு எண்பது டிகிரி வரை. தொண்ணூறு வந்தால் நிறுத்து. மீறினால் சிப் உடனே சாகாது, உள்ளுக்குள் தேய்ந்துபோய்ப் பிறகு உயிரை வாங்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாடம் எடுப்பார். இதுவரை ஒரு சிப்பைக்கூடக் கெடுத்ததில்லை என்பது அவர் பெருமை.

அவர் மனைவி வீட்டிலிருந்தே படம் போடுகிறவள். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் வரைவாள். சுவர், ஜன்னல், மரம், தரையில் விழும் வெயில். அந்த வெயிலையும் நிழலையும் கணக்குப் போட்டு ஒரு படத்தை முடிக்க மெஷினுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்காகக் கடைக்கு வந்த ஐந்து சிப்பில் ஒன்றை அவரே பொறுக்கிப் போட்டுக் கொடுத்திருந்தார். குறைந்த வோல்ட்டிலேயே பறக்கும் அபூர்வமான சிப். அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

வீடு கட்டும் கம்பெனி ஒன்று அவளிடம் ஏழு படம் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கொடுத்துவிட்டால் அவர்கள் அலுவலகத்திலேயே ஜன்னலோரம் ஒரு மேஜை, நிரந்தர வேலை. பத்து வருஷமாகப் படுக்கையறை மூலையில், துணி காயும் கொடிக்கு அடியில் உட்கார்ந்து வரைந்தவள் அவள். அந்த மேஜை மேல் உயிரையே வைத்திருந்தாள்.

அதற்கு முந்தைய ஞாயிறு காலையில், அக்காவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, போய்விட்டு வா என்று அவரே சொன்னார். இவர் வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை என்று அசந்துபோய்ப் போய்வந்தாள். திரும்பியபோது அறை அடுப்படி மாதிரி கொதித்தது. மனிதர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

திங்களன்று முதல் படம் பாதி முடிந்ததும் மெஷின் நின்றுபோனது. மறுபடி போட்டாள், மறுபடி நின்றது. அவர் கதவருகிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"மரத்த எல்லாம் அள்ளிக் கொட்டினா எப்படி ஓடும்? உனக்கு வேல வரலன்னா மெஷின் என்ன பண்ணும்?"

அவள் மரங்களை எடுத்தாள். பிறகு திரைச்சீலைகளை, பிறகு நிழல்களை. புதன்கிழமை அவள் வீடுகளெல்லாம் மொட்டையடித்துக்கொண்டு நின்றன. அப்படியும் ஓடவில்லை. வியாழனன்று அழுதாள். இதற்குத்தான் முறையாகப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது என்று அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமை, எப்படியோ ஓடி முடிந்த மூன்றே மூன்று மொட்டைப் படம் போயிற்று. இது கற்றுக்கொள்கிறவர் போட்டதா என்று கம்பெனி மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். மேஜை வேறொருத்திக்குப் போனது.

போனால் போகட்டும், வேறு வேலை வரும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் தன்னிடம் சரக்கே இல்லை என்று நம்பிவிட்டாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மெஷினைத் துணி போட்டு மூடினாள். சும்மாதானே இருக்கிறாய் என்று அவர் தன் செல்போன் குழுவில் வரும் கேள்விகளுக்கு, வீட்டிலிருந்த பழைய செல்போனில் தன் பெயரிலேயே பதில் அடிக்கும் வேலையை அவள் தலையில் கட்டினார். 1.35, எண்பது, தொண்ணூறு. மூன்று மாதத்தில் அவளுக்கு அது மனப்பாடம்.

ஒருநாள் காலை, அவர் நகம் வெட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு கேள்வியை வாசித்தாள். யாரோ எழுதியிருந்தார்: சின்ன வேலைக்கு ஒன்றுமில்லை, பெரிய வேலை கொடுத்தால் பாதியில் நிற்கிறது, போன மாதம்வரை நன்றாக ஓடிய மெஷின்.

"எவனோ ரெண்டு நிமிஷப் பெருமைக்கு வோல்ட்ட ஏத்தித் தேய்ச்சுட்டான்னு எழுது. வேகத்த ரெண்டு படி எறக்கச் சொல்லு, ஓடும். ஒரு நிமிஷ வேல."

அவள் விரல் நின்றது. எதிர்ச் சுவரில், வாரா வாரம் அவள் படிக்காமலே துடைக்கிற கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். சிப்பை விரட்டும் வேகப் போட்டியில் அவருக்கு மூன்றாம் இடம். 1.52 வோல்ட், 98 டிகிரி. கீழே தேதி. அவள் அக்கா வீட்டுக்குப் போன ஞாயிறு.

"என் மெஷினையும் அன்னிக்கு ரெண்டு படி எறக்கியிருந்தா?"

"ஓடியிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"எறக்கினா ஏன்னு கேப்ப. சிப்ப நான் கெடுத்தேன்னு வெளிய வரும். அப்புறம் எவன் கடைக்கு வருவான்? அடுத்தத வாசி."

அவர் கடைக்குப் போனதும் அவள் துணியை எடுத்தாள். அவர் சொன்னபடியே இரண்டு படி இறக்கினாள். மரங்களை, திரைச்சீலைகளை, நிழல்களையெல்லாம் திரும்ப வைத்து ஓடவிட்டாள். ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் படம் முடிந்தது; சூடு எழுபத்தொரு டிகிரியைத் தாண்டவில்லை. ஒரு இலை குறையவில்லை. அதே கட்டடத்துக்கு வேறொருத்தி போட்ட படம் தெருமுனையில் பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இவளுடையது அதைவிட நன்றாகவே இருந்தது.

பிறகு அவர் பெயரில் குழுவில் எழுதினாள். 'இந்தத் தவறை நானே செய்தேன். மனைவியை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் பிழைப்புக்கு வைத்திருந்த சிப்பில் 1.52 வோல்ட், 98 டிகிரி ஓட்டினேன். நான்கு நாள் அவள் தவித்தபோது காரணம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் வேலை போயிற்று.' அனுப்பிவிட்டு, சாயங்காலம் அவர் மானம் போய் வந்து நிற்கும் கோலத்தைப் பார்க்கக் காத்திருந்தாள்.

சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். தொண்ணூற்றெட்டா, தலைவா என்று ஒருவர். வீட்டம்மாவை அனுப்பிவிட்டு ஓட்டிய வீரரே என்று இன்னொருவர். இருநூறு பேர் கைதட்டியிருந்தார்கள். இதற்குப் போயா மூன்று மாதம் பயந்தேன் என்று அவருக்கே ஆச்சரியம். ஒரே ஒருவர்தான் அக்கறையாக விசாரித்திருந்தார்: அந்தச் சிப் இப்போது எப்படி இருக்கிறது?

"நல்லாத்தான் எழுதியிருக்க. அவருக்கும் ஒரு பதில் போட்டுடு."

அவள் உட்கார்ந்து அடித்தாள். 'எழுபத்தொரு டிகிரி. நன்றாக இருக்கிறது.'