விடைப்பெட்டியும் பதினாறு பிள்ளைகளும்

இணையத்தில் பயிற்சித்தாள் தயாரிக்கிற டீச்சருக்கு, பிள்ளைகள் விடை எழுதுவதற்கு முன்பே பரீட்சைப் பயம் பிடித்துவிடும். இணைப்பை அனுப்பிவிட்டு நகம் கடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சித்தூர் பக்கம் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு என்னுடையது. பிள்ளைகள் பதினாறு பேர்தான். தெலுங்குப் பிரிவோடு சேர்த்துவிடலாமா என்று மேலே பேச்சு அடிபட்டது. கல்வி ஆபீசர் பார்வையிட வரும்போது, பிள்ளைகள் வீட்டிலும் படிக்கிறார்கள் என்று காட்டியாக வேண்டும்.

பதினாறு பூஜ்யம்

முதல் தாளுக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. படத்தைப் பார்த்துப் பெயரை அடிக்க வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. தலைமையாசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடிவைத் திறந்தேன். பதினாறு பேருக்கும் பூஜ்யம். மாட்டை 'மாடு' என்று எழுதிய பிள்ளைக்கும் சிவப்பு.

கடைசியில் பார்த்தால், விடைகளைப் பதியும்போது ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி விட்டிருக்கிறேன். அந்த இடைவெளி இல்லாததெல்லாம் தப்பாகிவிட்டது. தலைமையாசிரியர் தெலுங்குக்காரர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பரவாலேதம்மா. ஆபீசர் வந்தா மட்டும் இத காட்டாதீங்க."

ஒன்றேகால் மணி

தசரா லீவில் தினம் ஒரு தாள் அனுப்பினேன். எல்லாருடையதும் சாயங்காலம் வரும். கீர்த்தனாவுடையது மட்டும் மதியம் சரியாக ஒன்றேகாலுக்கு வந்தது, அதுவும் பிழையே இல்லாமல். அவள் அப்பா தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வீட்டுக்கு இருக்கிற ஒரே போனும் அவரிடம்தான். அப்படியானால் எழுதுவது யார்? ஆபீசர் இதைக் கேட்டால் பிரிவே போய்விடும் என்று பயந்து அவள் அப்பாவுக்கே போன் போட்டேன்.

அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நான்தான் டீச்சர். சோறு துன்னுக்கினே பக்கத்து வூட்டு போனுக்கு அடிச்சி கேள்விய படிப்பேன், அவ சொல்றத அப்படியே அடிச்சி உடுவேன்."

ஒரே ஒரு சிவப்பு

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் கீர்த்தனாவின் அப்பாவே கூப்பிட்டார். ஏதோ புகார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அன்றைய தாள் உறவுப் பெயர்கள். கீர்த்தனாவுக்குப் பத்துக்கு ஒன்பது. 'உன் தந்தையை எப்படி அழைப்பாய்?' என்ற கேள்விக்கு நான் 'அப்பா' என்று மட்டும்தான் விடை பதிந்திருந்தேன்.

அந்தக் கேள்வியை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர், பேச்சு வந்த நாளா அது என்னை நைனான்னுதான் கூப்பிடுது, அது தப்புன்னு அதுகிட்ட நான் எப்பிடி சொல்றது?"

அன்றைக்கே 'நைனா'வையும் சரியான விடையாகச் சேர்த்தேன், ஆபீசரும் வந்து பார்த்து இந்த வருஷம் பிரிவு இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார், அடுத்த வருஷத்துக்கான கவலையை நான் இப்போதே தொடங்கியாயிற்று.