செல்லம்மாவும் பிள்ளை வளர்ப்புப் பாடமும்

1999-ல் ஒருநாள் காலை, மலைமேல் செம்மேட்டில் இருந்த எங்கள் பயிற்சி மையத்துக்கு என் மாணவி செல்லம்மாவின் அப்பா வந்தார். அதே மலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். செல்லம்மாவுக்கு இருபது வயது. அறிவு வளர்ச்சிக் குறைவு உண்டு. மணி பார்க்க வராது, ஆனால் மிளகு பறிக்கும் பக்குவம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் பண்ணிடலாமுங்க டீச்சர். அவளயே நாங்கதான் பாத்துக்கறோம். அவ எங்கீங்க புள்ளய வளக்கறது?" அதற்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளைக் கேட்டீர்களா என்றேன். அவளுக்கு என்ன தெரியும் என்றார். நாலு மாதம் டைம் கொடுங்கள், தெரிய வைக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

வருங்காலப் பெற்றோருக்கான கிளாஸை அப்போது வாரம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் பொம்மைக்குள் ஈர மணலை அடைத்து மூன்று கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தோம். தூக்குவது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் செல்லம்மாவுக்குப் பிடிபட்டது. குளிப்பாட்டுவது மட்டும் வரவே இல்லை. டப்பில் பொம்மை ஒவ்வொரு முறையும் தலைகுப்புறப் போய்விடும். ரிஜிஸ்டரில் ஆறு வாரமும் 'வரவில்லை' என்றே எழுதினேன்.

ஏழாவது வாரம் அவள் டப்பைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பாவாடையை முழங்கால்வரை சுருட்டி, காலை நீட்டி, பொம்மையைக் காலில் கிடத்தி, முழங்கையில் தண்ணீர்ச் சூடு பார்த்து ஊற்றினாள். வீட்டில் அக்காவின் குழந்தையை அப்படித்தான் குளிப்பாட்டுகிறாளாம். மலையில் யார் வீட்டில் டப் இருக்கிறது? டிரெய்னிங் புத்தகத்தில் டப் படம் போட்டிருந்தது. மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் என் இரண்டு பிள்ளைகளையும் காலில் போட்டுக் குளிப்பாட்டிய நான், படத்தைப் பார்த்து டப் வாங்கி வைத்திருக்கிறேன். மண்டு நான்தான். ஆறு 'வரவில்லை'யையும் அடித்தேன்.

நாலு மாதம் முடிந்ததும் அப்பாவையும் சுகாதார நிலைய நர்ஸையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொன்னேன். ஒன்றிலும் தடுமாறவில்லை. அப்பாவுக்குக் கண் கலங்கியது. ஆபரேஷன் பேச்சை விட்டுவிட்டேன் என்றார். அடுத்த வருஷமே பேரனைப் பார்த்துவிடலாம் என்று அவர் சொல்ல, நானும் தலைகால் புரியாமல் ஒத்து ஊதினேன்.

செல்லம்மா பொம்மையைத் துவட்டி மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"எனக்கு இப்பப் புள்ள வேண்டாமுங்க. வேணுங்கறப்ப நானே சொல்றேன். அப்பா, நீயும் சொல்லாத. டீச்சர், நீங்களும் சொல்லாதீங்க."

நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அவளைக் கேட்டீர்களா என்று அவள் அப்பாவிடம் சண்டைக்குப் போன நானே, நாலு மாதத்தில் ஒருநாள்கூட அவளைக் கேட்கவில்லை. அந்த வாரமே நர்ஸ் தற்காலிகக் கருத்தடை முறைகளை அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் விளக்கினார். எது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எப்படி வளர்ப்பது என்று சொல்லிக்கொடுக்கும் முன்னால், வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் பாஸ்தான். என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன முதல் மாணவி செல்லம்மா. என் சர்வீஸில் இதைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறொன்றும் இல்லை.