சுகுணாவின் சுவிட்ச்

லிமிட் சுவிட்ச் கேட்டு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எதற்கு என்றே தெரியாது. பழசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். மேசைமேல் வைத்து, இதே மாதிரி ஒன்று கொடுங்கள் என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். செருப்பா வாங்குகிறார்கள், அளவு காட்டி வாங்க? எந்த மெஷின், எந்த இடம், ஒயர் அறுந்துபோனால் மெஷின் நிற்க வேண்டுமா ஓட வேண்டுமா என்று நான் கேட்கத் தொடங்கினால் முழிப்பார்கள். ஆறுமுகசாமியிடம் சாமான் வாங்குவதற்குப் பதிலாகப் பரீட்சை எழுதிவிடலாம் என்று குன்னூர் மார்க்கெட்டில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

விஷயம் சின்னதுதான். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது இல்லையா, அதைச் செய்வது கதவோரத்தில் இருக்கும் ஒரு பொத்தான். ஃபேக்டரி மெஷினில் லிமிட் சுவிட்ச் அப்படித்தான். மூடியைத் திறந்தால் மெஷின் நிற்கும். அதன் வயிற்றுக்குள் காண்டாக்ட் பிளாக் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கரண்டைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அதுதான். மலிவான சுவிட்சில், மூடி திறந்ததும் ஒரு ஸ்பிரிங் துள்ளி அந்தக் கரண்டைப் பிரிக்கும். நல்ல சுவிட்சில் மூடியே நேராகத் தள்ளிப் பிரிக்கும். ஸ்பிரிங் என்றைக்காவது செத்துப்போகும். கை போகிற இடத்தில் ஸ்பிரிங்கை நம்பாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்கள் குறைவு.

என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் வடிவேல். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பழுதுபார்க்கிற ஃபிட்டர். சிலோன் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர், இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். கடைக்கு வரும்போதே எந்தச் சுவிட்ச், எந்த பிளாக் என்று முடிவு செய்துகொண்டுதான் வருவார். வாங்குவார், ஒரு டீ குடிப்பார், பஸ் பிடித்துப் போய்விடுவார். அவரைப் பற்றி எனக்கு அதற்குமேல் தெரியாது. மனைவி இறந்துபோனார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவர் அடிக்கடி வந்து ஒன்றும் வாங்காமல் போனார். கண்ணாடிக்குள் இருக்கும் சுவிட்சுகளைப் பார்ப்பார், ஒன்றை எடுத்து அழுத்திப் பார்ப்பார், வைத்துவிடுவார். கடைசியில் ஒருநாள் கேட்டார். எது தெரியுமா? மேலிருந்து அழுத்துகிற மலிவான வகை, ஸ்பிரிங் தயவில் ஓடுவது. பழசாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். வேறு யார் கேட்டிருந்தாலும் திட்டிவிட்டு விட்டிருப்பேன், வடிவேல் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே மாட்டப் போகிறீர்கள் என்றேன். சி.டி.சி. மெஷின் மூடியில் என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது பல் பல்லாக வெட்டிய இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றி, வாடிய இலையைக் கிழித்துச் சுருட்டுகிற மெஷின். இலைக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நான் கத்திவிட்டேன். வடிவேல் அமைதியாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார்.

அந்த மெஷினில் இலை போட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி சுகுணா. அப்போது மூடிக்குச் சுவிட்சே கிடையாது. இலை அடைத்துக்கொண்டதை எடுக்கப் போய்க் கை உள்ளே போய்விட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிற வழியில் மலைப்பாதையில் எதிரே பனிமூட்டம், வண்டி நகரவில்லை. மேட்டுப்பாளையம் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நிர்வாகம் மூடிக்கு ஒரு சுவிட்ச் வைத்தது. வாங்கியவர் யாரோ, கிடைத்ததில் மலிவானதை வாங்கியிருக்கிறார். என் கடையில் வாங்கவில்லை, அந்த மட்டும் நிம்மதி.

சுவிட்ச் வைத்ததிலிருந்து மெஷின் தானாக நிற்க ஆரம்பித்தது. மூடி மூடித்தான் இருக்கும், இலை ஓடிக்கொண்டிருக்கும், பொசுக்கென்று நிற்கும். யாருடைய கையாவது இலை போகிற வாய்ப்பக்கம் போகும்போதுதான் நிற்கும். நிற்பதற்கு முன்னால் மூடியில் யாரோ இரண்டு தடவை தட்டுகிற சத்தம் கேட்கும். சுகுணா உயிரோடு இருந்தபோது அப்படித்தான் தட்டுவாராம். மூடியைத் திறக்குமுன் விரல் முட்டியால் இரண்டு தட்டு, எதிர்ப்பக்கம் நிற்பவர் கையை எடுத்துக்கொள்ள.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. இலை அடைத்தால் மெஷின் உதறும், உதறினால் மூடி ஆடும், மூடி ஆடினால் அந்த ஓட்டைச் சுவிட்ச் விட்டுவிடும். அடைப்பை எடுக்கத்தானே கையும் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில் என்ன அதிசயம் என்றேன். வடிவேல் மறுக்கவில்லை. இருக்கலாம் என்றார். மேனேஜர் பிரசாத் கெடு வைத்துவிட்டதாகச் சொன்னார். இலை மலையாகக் குவிகிற சமயம், மெஷின் நின்று நின்று ஓடினால் குவியல் புளித்துப்போகும். நிற்காத சுவிட்சாகப் போடு, இல்லையென்றால் சுவிட்சை விட்டுத்தள்ளி ஒயரைச் சேர்த்து முறுக்கிவிடு என்று உத்தரவு.

"அப்ப நல்ல சுவிட்சையே போட்டுருங்க. இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க வடிவேல்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்ல சுவிட்ச் போட்டா அவ எப்படிண்ணே நிறுத்துவா?"

பெண்டாட்டியைப் பறித்த மெஷினை விட்டு வேறு வேலைக்குப் போகாமல் அங்கேயே நின்ற மனிதர், ஏன் நின்றார் என்று அப்போதுதான் உறைத்தது. மெஷின் நிற்கும்போதெல்லாம் போய் மூடிமேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பாராம், பிறகுதான் ஓடவிடுவாராம். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. கோபமும் போகவில்லை. நல்ல சுவிட்ச் ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன், கடையைச் சாத்தினேன், அவரை என் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியானம்தான். ஆனால் ஃபேக்டரியில் எல்லா விளக்கும் எரிந்தது. பனிமூட்டம் வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து இயந்திரங்களுக்கு நடுவே தரையோடு தரையாகக் கிடந்தது. ஆட்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நசுங்கிய பச்சை இலை வாசனை மூக்கை அடைத்தது. சுகுணா நின்ற இடத்தில் இந்துமதி என்கிற பெண் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்து மெஷின்காரியோடு திரும்பிப் பேசிக்கொண்டே, பார்க்காமல், மூடியின் ஓரச் சந்துக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டாள். மெஷின் உதறி நின்றது, அவள் இலைக்கட்டியைப் பிய்த்து எடுத்தாள்.

என்னம்மா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"ஒண்ணும் ஆகாது சார். சுகுணாக்கா நிறுத்திருவாங்க."

வடிவேல் பக்கத்தில்தான் நின்றார். இதை அவர் நூறு தடவை கேட்டிருப்பார். அவருக்கு அது இதமாகக்கூட இருந்திருக்கும். வெளியாள் ஒருவன் முகம் வெளிறி நிற்பதைப் பார்த்தபோதுதான் அவரும் அந்தக் கையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். போய்ப் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்தார்.

கழற்றுவதற்கு முன் நான் ஒரு சோதனை செய்ய விரும்பினேன். மூடி ஆடுவதுதான் காரணம் என்று நிரூபித்துவிட்டால் அவருக்கும் மனம் ஆறும் என்று எனக்கு ஒரு நினைப்பு. மெஷினை மறுபடி ஓடவிடச் சொல்லி, மூடியின் இரண்டு பக்கத்தையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இம்மியும் அசையாதபடி என் முழு எடையையும் போட்டேன். இலை சீராக ஓடியது, அடைப்பு எதுவும் இல்லை. அடைப்பு வரும்வரை காத்திருக்கலாம் என்று நின்றேன். இந்துமதி தன் வழக்கப்படி வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

தகட்டுக்கு அடியிலிருந்து என் உள்ளங்கையில் இரண்டு தட்டு விழுந்தது. அதிர்ச்சி இல்லை, உதறல் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் தட்டுவது கையில் தெரியுமே, அப்படி. மெஷின் நின்றது. உருளைகள் ஓய்ந்து அடங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி. பனி என் இடுப்புவரை ஏறியிருந்ததுபோல் குளிர்ந்தது. வடிவேல் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பழைய சுவிட்சைக் கழற்றி வேலை மேசைக்குக் கொண்டுபோனோம். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. உள்ளே இலைச்சாறு புகுந்து காய்ந்து பிசுக்கேறியிருக்கும், காண்டாக்ட் கருகியிருக்கும், அதனால்தான் கரண்ட் விட்டுவிட்டு வருகிறது என்று காட்டிவிடலாம். திருகுகளைத் தளர்த்திச் சுவிட்சின் மேல்மூடியை எடுத்தேன். உள்ளே ஒரு துளி அழுக்கு இல்லை. காண்டாக்ட் பிளாக் இன்று வாங்கியதுபோல் மின்னியது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், மேசையில் தட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஒயரும் அப்படியே. தேயிலை ஃபேக்டரியில் இத்தனை நாள் கிடந்த சுவிட்ச் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே கிடையாது.

வடிவேல் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அந்த நேரத்தில் அவர் அதைத் திருப்பி மாட்டியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். இத்தனை நாள் தான் நம்பியது நிஜம் என்பதற்கு அவர் கையிலேயே சாட்சி இருந்தது. அவர் இந்துமதி நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

புதிய சுவிட்சை அவர்தான் மாட்டினார், என்னைத் தொட விடவில்லை. பட்டை இரும்பில் ஒரு தாங்கி வெட்டி, மூடி கொஞ்சம் தூக்கினாலே சுவிட்சின் நெம்புகோலைத் தள்ளுகிற மாதிரி வைத்தார். மூடியைத் திறந்தும் மூடியும் பலமுறை பார்த்தார். பிறகு மெஷின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நான் தட்டுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், அவரும்தான். மெஷின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

இலை அடைத்தது. இந்துமதியின் கை பழக்கத்தில் மூடியோரச் சந்துப் பக்கம் போனது. வடிவேல் பாய்ந்து மூடியைத் தூக்கினார். கரண்ட் அறுந்தது. ஆனாலும் உருளைகள் தம் வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றன. அவள் அவற்றைப் பார்த்துவிட்டு, அக்கா நிறுத்தவில்லையே என்றாள். பயந்துபோயிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பழைய சுவிட்சில் என்னதான் இருந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வடிவேல் பதில் சொன்னார்.

"அழுக்கு. உள்ள பூராவும் அழுக்கு, அதான் நின்னு நின்னு போச்சு. வேற ஒண்ணுமில்ல. எங்க வீட்டு ஆளு செத்துப் போயிருச்சு இந்துமதி. நீ கைய விட்டா நிறுத்துறதுக்கு அங்க ஒருத்தரும் இல்ல."

அவள் நம்பவில்லை. நிஜமா சார் என்று என்னைப் பார்த்தாள். வடிவேலும் என்னைத்தான் பார்த்தார். ஆமாம், ஒரே அழுக்கு என்றேன்.