பழைய வீட்டைக் கூட்டிய நாள்

கேமரன் மலையில், தானா ராத்தா பஸ் நிலையத்தில் இரண்டு நாள் காலையில் பலகை பிடித்து நின்றிருக்கிறேன். தேயிலை மலையில் நடக்க அழைத்துப் போகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. அதை வாயால் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்கு வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் என்னைக் கடந்து போனார்கள். பலகை நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கி, கடைசியில் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அதன் பிறகுதான் என் மனைவியின் தங்கை எனக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். அவள் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறி மொத்த வியாபாரியின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கே இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் தானே கற்றுக்கொண்டவள். என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. நான் பாதையையும் பனியையும் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். முதல் படத்தில் என் முதுகுதான் இருக்கும். கேமராவைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டேன். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் நடக்க வேண்டும் என்று யார் தேடினாலும் முதல் பக்கத்தில் மூன்றாவதாக அந்த முதுகு வந்துவிடும். நான் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

போன வருடம், அந்தப் பக்கத்தைத் தன் கணினிகளில் வைத்திருந்த நிறுவனம் மோசமாகிவிட்டது. கூட்டம் வரும் நாளாகப் பார்த்துப் பக்கம் திறக்காது. வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும் என்றாள் மனைவியின் தங்கை. கவனம் தப்பினால் தேடல் வரிசையில் கீழே போய்விடும் என்றும் சொன்னாள்.

"எவ்வளவு கீழ?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் பக்கத்துக்குப் போனாலே போதும் மாமா. மறுபடியும் பஸ் ஸ்டேஷன்தான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வேலை செய்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பள்ளி விடுமுறைக் கூட்டம் ஓயும்வரை எதிலும் கை வைக்கவில்லை. முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். புதிய இடத்தில் அதே பக்கங்களை அப்படியே அடுக்கினாள். ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் என்னை வாசிக்கச் சொல்லி, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். நான் திணறிய இடங்களில் காத்திருந்தாள்.

"அந்த முதுகுப் படத்தையாவது மாத்தேன்" என்றாள் என் மனைவி.

"இப்ப ஒண்ணும் மாத்தக் கூடாதுக்கா. வீடு மட்டும்தான் மாறுது. சட்டி பானை வச்ச இடத்திலயே இருக்கணும்."

புதிய இடத்தில் எல்லாம் திறக்கிறதா என்று தனியாகப் பார்த்த பிறகே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் இணையப் பெயரை அங்கே போகும்படி திருப்பிவிட்டாள். "ரெண்டு மூணு நாளைக்குச் சில பேரு பழைய இடத்துக்குத்தான் போவாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் தலையாட்டினேன்.

நான் வளர்ந்த தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு மாறினால், அன்றே பழைய வீட்டைக் கூட்டிக் கழுவி, சுவரில் ஓர் ஆணிகூட இல்லாமல் சாவியை அலுவலகக் குமாஸ்தாவான கிராணியிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள்வரை வைத்திருந்தால் பேச்சு வரும். என் அப்பா அடுப்புச் சாம்பலைக்கூட விட்டு வந்ததில்லை. அன்று மதியம் நான் பழைய நிறுவனத்தின் பக்கத்துக்குள் போனேன். அவள் எழுதிக் கொடுத்திருந்த கடவுச்சொல் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு பக்கமாக அழித்தேன். முடித்தபோது மனசு நிறைவாக இருந்தது.

சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"மாமா, பழைய இடத்துல ஒண்ணுமே காணோம். ஏதும் தொட்டீங்களா?"

"சுத்தம் பண்ணிட்டேன்மா."

"பழைய வீட்டக் கூட்டிட்டீங்களா?"

"ஆமா."

"அந்தக் கம்பெனிக் கணக்கையும் மூடி, சாவியக் கிராணிகிட்ட குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"நல்ல வேளை லா. அத மட்டும் குடுத்துடாதீங்க."

அலுவலக உடுப்போடு மோட்டாரில் நேரே வந்தாள். பழைய இடத்துக்குப் போகிற ஆட்களில் தேடல் நிறுவனத்தின் இயந்திரமும் இருக்கலாம், வெறும் வீட்டைப் பார்த்தால் இங்கே ஆளில்லை என்று குறித்துக்கொண்டு போய்விடும் என்றாள். பிறகு தன்னிடமிருந்த நகலை எடுத்து, அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். என் மனைவி போட்ட தேநீரில் ஆடை படிந்தது. கடைசிப் பக்கமும் திறந்த பிறகுதான் குடித்தாள். என்னைக் கடிந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "எங்க அக்காகூட வீட்ட இவ்ளோ சுத்தமாக் கூட்டினதில்ல மாமா" என்றாள்.

"வாய மூடிட்டு ஹெல்மெட்டப் போடு" என்றாள் அவள் அக்கா.

நான்காம் நாள் தேடல் வரிசையில் நான் ஐந்தாவது இடத்தில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன். அவளிடம் சொன்னதற்கு, "கொஞ்சம் ஆடும். தொடாம இருங்க" என்றாள். இரண்டாம் வாரம் மூன்றாவது இடத்துக்கே வந்துவிட்டேன். பக்கமும் முன்னைவிடச் சட்டென்று திறந்தது.

ஒரு மாதம் கழித்து வந்து, பழைய இடத்துக்கு இப்போது யாருமே வருவதில்லை என்று பார்த்துச் சொன்னாள். கணினியை என் பக்கம் தள்ளினாள்.

"இப்பக் கூட்டுங்க மாமா."

கூட்டினேன். அவளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை மேட்டில் ஏறி வந்த ஒரு கணவனும் மனைவியும் கைப்பேசியிலிருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தயங்கினார்கள். நான் திரும்பி முதுகைக் காட்டினேன். உடனே சிரித்துக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கினார்கள்.